கட்சி நிலைப்பாட்டுக்கு மாறாகப் பேசினால் நீக்கிவிடுவார்களா?

உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "எங்கள் கிளையின் மாதர் அணிச் செயலாளர் நான். கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தக் கூடாது என்கிறது கட்சி. வன்புணர்வுக்கு ஆளான பிள்ளைகளுக்காவது விலக்கு வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னால் வெளியேற்றுவார்களா?"

பேசுங்கள் சகோதரி. எங்கே பேசுகிறீர்கள், எதைக் கேட்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் சட்டத்தின் பிரதியைக் கையோடு கொண்டுபோங்கள். சில வருடங்களுக்கு முன் திருகோணமலை நகரில் ஒரு கிளைக் கூட்டத்தில் இதே விவாதம். ஒரு மணித்தியாலம் கத்தினார்கள். கடைசியில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவை வாசித்தார். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி. மற்றபடி 3 ஆண்டு வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பின் என்றால் 7 ஆண்டு வரை. கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் அதே தண்டனை. 1883இல் எழுதியது. வன்புணர்வுக்கு விலக்கு ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் அங்கே பாதிப்பேர் நினைத்திருந்தார்கள். அப்புறம் பேச்சின் தொனியே மாறிவிட்டது.

அந்த விலக்கைக் கொண்டுவர 1995இல் அரசாங்கமே முயன்றது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்ததும், அந்தப் பகுதியை எடுத்துவிட்டுத்தான் மற்றத் திருத்தங்களை நிறைவேற்றினார்கள். 2017இலும் அமைச்சரவை வரை வந்து, கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்போடு நின்றுபோனது. உங்கள் கோரிக்கை புதிதல்ல, தீவிரமானதும் அல்ல.

சரி, நீக்கும் விடயம். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைக் கட்சி நீக்கினால், அரசியலமைப்பின் 99(13) உறுப்புரைப்படி ஒரு மாதத்தில் ஆசனம் போய்விடும். அந்த மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். 1991இல், கட்சிக்குள் பேசாமல் சொந்தக் கட்சி ஜனாதிபதிக்கு எதிரான குற்றப்பிரேரணையில் கையெழுத்திட்டவர்களின் நீக்கம் செல்லும் என்றது நீதிமன்றம். 1993இல், கட்சியின் உள்ஜனநாயகத்தை விமர்சித்த பாராளுமன்ற உறுப்பினர் திலக் கருணாரத்னவின் நீக்கம் செல்லாது என்றது. உங்களுக்கு ஆசனம் இல்லை, பொருந்துவது கட்சி யாப்புத்தான். ஒழுக்காற்றுப் பிரிவை வாசியுங்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கேட்கவும் விளக்கம் சொல்லவும் இடமிருக்கிறதா என்று பாருங்கள். ஊடகத்துக்கோ முகநூலுக்கோ போகுமுன் கூட்டத்தில் சொல்வதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கட்சி தன் நிலைப்பாட்டை அன்றே மாற்றவேண்டும் என்று கேட்காதீர்கள். இந்த ஒரு விடயத்தில் உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்க விடவேண்டும் என்று கேளுங்கள். அயர்லாந்தின் ஃபைன் கேல் கட்சி 2013இல், கருக்கலைப்புச் சட்டமூலத்தை எதிர்த்து வாக்களித்த லூசிண்டா கிரெய்ட்டன் முதலானவர்களைத் தன் பாராளுமன்றக் குழுவிலிருந்து நீக்கியது. கருக்கலைப்புப் பற்றிய 2018 மக்கள் வாக்கெடுப்பின்போது அதே கட்சி, அவரவர் மனம்போல் நில்லுங்கள் என்று விட்டுவிட்டது. கட்சி உடையவில்லை. கோயிலுக்குப் போகிறவரும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவரும் ஒரே மேசையைச் சுற்றி இருக்கிற நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

பிரேரணையை இரண்டு வரியில் எழுதி, வழிமொழிய ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோற்றாலும் கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லி, பிரதி ஒன்று வாங்கி வைத்திருங்கள்.