ஒரே பிழை மறுபடி வருகிறதா? தர மேலாண்மை குறித்த கேள்வி-பதில்

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறையில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒவ்வொரு பிழைக்கும் திருத்த நடவடிக்கைப் படிவம் நிரப்புகிறோம். ஆனாலும் சில மாதங்களில் அதே பிழை திரும்ப வருகிறதே, ஏன்?

பதில்: பழைய படிவங்களை எடுத்து, 'காரணம்' என்ற கட்டத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். "ஊழியரின் கவனக்குறைவு, மறுபயிற்சி தரப்பட்டது" என்று எத்தனை இடத்தில் இருக்கிறது? அங்கெல்லாம் விசாரணை பாதியில் நின்றுவிட்டது. மெஷினில் வார்ப்பு அச்சு (மோல்டு) மாற்றியபின் வரும் முதல் பாகத்தைச் சரிபார்க்க அவருக்கு நேரம் கிடைத்ததா? இரவு ஷிப்டில் நிற்கும் நேப்பாள ஊழியருக்குப் புரியும்படி படங்களோடு வேலைக் குறிப்பு இருந்ததா? டொயோட்டாவில் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்கும் வழக்கம் இதற்காகத்தான் வந்தது. ஊழியர்மேல் பழியைப் போட்டால், அடுத்த முறை பிழையை மறைத்துவிடுவார்கள். அப்புறம் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001-இன் 10.2 பிரிவு, அதே மாதிரிப் பிழை வேறெங்காவது இருக்கிறதா, வரக்கூடுமா என்றும் பார்க்கச் சொல்கிறது. பலர் தாண்டிப்போகும் இடம் இது. 3-ஆம் மெஷினில் கிடைத்த பாடம் 7-ஆம் மெஷினுக்கும் போக வேண்டும். படிவத்தை மூடுமுன் பக்கத்து லைன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் எங்கள் மூத்த டெக்னீஷியன் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவருக்குத் தெரிந்ததை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: நிறுவனத்தின் அறிவைப் பேணுவதை ஐஎஸ்ஓ 9001-இன் 2015 பதிப்பு 7.1.6 பிரிவில் தனியாகவே கேட்கிறது. அவரையே எழுதச் சொல்லாதீர்கள். இளைய டெக்னீஷியன் ஒருவர் கூடவே நின்று, கேட்டு எழுதட்டும்; பெரியவர் படித்துத் திருத்தட்டும். இன்றே தொடங்குங்கள். சில கோளாறுகள் வருடத்தில் ஒரு முறைதான் வரும், கடைசி மாதத்தில் அவை வராமலே போகலாம்.

கேள்வி: கோலாலம்பூரில் சிறிய அச்சகம் நடத்துகிறோம். ஐஎஸ்ஓ 9001-க்குத் தரக் கையேடு கட்டாயமா?

பதில்: 2015 பதிப்பில் கட்டாயமில்லை. ஆனால் மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 13485 இன்னும் கேட்கிறது.

கேள்வி: அதே அச்சகம்தான். ஆள் குறைவு, உள் ஆடிட்டை (நிறுவனம் தன் வேலைகளைத் தானே சரிபார்ப்பதை) யார் செய்வது?

பதில்: தன் வேலையைத் தானே ஆடிட் செய்யாமலிருந்தால் சரி. கிடங்கைப் பார்ப்பவர் அச்சுப் பிரிவுக்குப் போகட்டும், அச்சுப் பிரிவினர் கிடங்குக்கு வரட்டும். குறைகளோடு, தன் பிரிவுக்கு எடுத்துப்போகத்தக்க நல்ல முறை ஒன்றையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.