8 பேர் கொயரும் சாம்பிள் ஸ்டிரிங்ஸும் ஒட்டவில்லையா?

கேள்வி: குறும்படத்துக்குப் பின்னணி இசை செய்கிறேன். ஸ்டிரிங்ஸ் (வயலின் வகைகள்), பிராஸ் (பித்தளை ஊதுகருவிகள்) எல்லாம் கணினி சாம்பிள்தான், அதாவது முன்பே பதிவுசெய்த வாத்திய ஒலிகள். சர்ச் கொயரிலிருந்து (பாடகர் குழு) 8 பேரைப் பாடவைத்துச் சேர்த்தேன். இரண்டும் வேறு வேறு ஊரில் ஒலிக்கின்றன. ரிவெர்ப் (அரங்கில் கேட்பது போன்ற முழக்கம்) கூட்டினால் குழம்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ரிவெர்ப் கடைசி வேலை. முதலில் சுருதி. சாம்பிளின் சுருதி, A சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற அளவில் அசையாமல் நிற்கும். குரலோ நீண்ட சுரங்களில் மெல்ல இறங்கும். பாடுபவர்களுக்கு ஹெட்ஃபோனில் ஸ்டிரிங்ஸைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள வைப்ரேட்டோவில் (சுரத்தின் மெல்லிய நடுக்கம்) சுருதி பிடிபடாது. எளிய பியானோ ஒலியை ஒரு காதுக்கு மட்டும் கொடுங்கள். மறு காது பக்கத்துக் குரலைக் கேட்கட்டும்.

அடுத்தது நேரம். லெகாட்டோ சாம்பிள்கள் (சுரங்களை இடைவெளியின்றி இணைப்பவை) கீயை அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் சுரத்தைத் தொடும். அந்த டிராக்கின் டிலேயை மைனஸ் 50 மில்லிசெகண்டில் (அவ்வளவு முன்னதாக ஒலிக்கும்படி) தொடங்கி, கொயரோடு சேர்ந்து விழும்வரை காதால் கேட்டு நகர்த்துங்கள்.

8 பேரைக் கூட்டமாகக் காட்ட 3 டேக் எடுங்கள், அதாவது மூன்று முறை பாடவைத்துப் பதிந்து, மூன்றையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். ஒவ்வொரு டேக்கிலும் ஆட்கள் இடம் மாறி நிற்க வேண்டும், மைக் அரை மீட்டர் பின்னே போக வேண்டும். ஒரே டேக்கை நகலெடுத்துத் தள்ளி வைத்தால் குழாய்க்குள் பாடுவதுபோல் இருக்கும். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: 'சாங்க்டுஸ்' (லத்தீனில் 'புனிதமான') என்று எல்லோரும் முடித்தால் 24 'ஸ்' ஒன்றன்பின் ஒன்றாகச் சரசரவென்று உதிரும். இரண்டு பேர் மட்டும் 'ஸ்' சொல்லட்டும். மற்றவர்கள் 'சாங்க்டு'வோடு நிறுத்தட்டும்.

கீபோர்டு கொயர் பேடையும் (நீண்டு ஒலிக்கும் செயற்கைக் கொயர் ஒலி) சேர்ப்பதானால் நிஜக் குரலைவிட 10 டெசிபலாவது கீழே வையுங்கள். மெய்யெழுத்தும் மூச்சும் நிஜக் குரலிலிருந்தே வர வேண்டும்.

இனி ரிவெர்ப். குழம்புவதற்குப் பெரும்பாலும் காரணம், சாம்பிளுக்குள்ளேயே ஒரு ஹால் பதிவாகியிருப்பதுதான். அதன் ரூம் மைக்குகளைக் (தூரத்தில் வைத்துப் பதிந்தவை) குறைத்து, குளோஸ் மைக்கை (வாத்தியத்தருகே பதிந்தது) முன்னே கொண்டுவாருங்கள். பிறகு இரண்டையும் ஒரே ஹால் ரிவெர்புக்கு அனுப்புங்கள்: சுமார் 2 விநாடி நீளம், ப்ரீ-டிலே (முழக்கம் தொடங்குமுன் வரும் இடைவெளி) 20 மில்லிசெகண்ட். ரிவெர்பின் வெளியீட்டில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். மேடையில் கொயர் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் நிற்பதால் கொயரை மட்டும் ரிவெர்புக்குக் கொஞ்சம் கூடுதலாக அனுப்பலாம்.

வசனம் வரும் இடங்களில் சொற்கள் வேண்டாம், 'ஊ' போதும். மற்ற இடங்களிலும் பாட்டுக்குப் பொருள் கட்டாயமில்லை. கிரேக்க இசையமைப்பாளர் வாஞ்செலிஸ் 1992இல் '1492: கான்குவெஸ்ட் ஆஃப் பாரடைஸ்' என்ற கொலம்பஸ் படத்துக்காகச் சிந்தசைசரோடு இங்கிலிஷ் சேம்பர் கொயரைப் பாடவைத்தபோது, தலைப்பு இசையின் வரிகள் லத்தீன்போல ஒலித்தனவே தவிர லத்தீன் அல்ல.