ஆளுமைக் கோளாறு உள்ள குற்றவாளிகளைத் திருத்த முடியுமா?

"இவர்கள் சிறையிலிருந்து வெளியே வந்தால் மறுபடி அதே கதைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் அப்படியில்லை.

இங்கிலாந்தின் கிரெண்டன் சிறையைப் பாருங்கள். 1962-இல் திறந்தது. அங்கே இருப்பவர்களில் பலர் கொலை, வன்முறைக் குற்றங்களுக்கு நீண்ட தண்டனை பெற்றவர்கள். ஆளுமைக் கோளாறு, அதாவது நினைக்கும், உணரும், பழகும் விதமே நீண்ட காலமாகத் தனக்கோ பிறருக்கோ தொல்லையாக இருக்கும் மனநலப் பிரச்சினை, உள்ளவர்கள் ஏராளம். யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்புவதில்லை, அவர்களே விரும்பிப் போக வேண்டும். அங்கே சிகிச்சை என்றால், சிறு குழுவாக உட்கார்ந்து, செய்த குற்றத்தைச் சக கைதிகள் முன் பேச வேண்டும். "அவன்தான் சீண்டினான்" என்று ஒருவர் மழுப்பினால், பக்கத்தில் இருப்பவரே விடாமல் குடைவார். இதே சாக்கைத் தானும் சொன்னவர் ஆயிற்றே! விதியை மீறியவர் அங்கே நீடிக்கலாமா என்பதில் கைதிகளும் வாக்களிப்பார்கள்.

சுமார் ஒன்றரை வருடத்துக்கு மேல் தங்கியவர்களிடம் மறுகுற்றம் குறைவு என்று ஆய்வுகள் காட்டின. மாற வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள்தான் அவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பார்கள் என்பதால், முழுப் பெருமையையும் சிகிச்சைக்கே கொடுத்துவிட முடியாது.

அப்புறம், மறுபடி கைதாகவில்லை என்பதாலேயே வாழ்க்கை சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வீடு, வேலை, ஒட்டிப் பழக நாலு பேர், இதெல்லாம் அமைவது இவர்களில் பலருக்கு இன்னும் இழுபறிதான்.