கடைசி வரிசையில நின்னவங்க – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

போன வாரம் ஃபெர்னாண்டோ ட்ருயேபா எடுத்த ‘லா நீன்யா தே துஸ் ஓஹோஸ்’ (1998) பாத்தேன். 1938ல ஸ்பெயின்ல உள்நாட்டுப் போர் நடக்கறப்ப குடியரசு அரசாங்கத்த எதிர்த்து சண்ட போட்ட தளபதி ஃப்ராங்கோ பக்கத்து சினிமா கோஷ்டி ஒண்ணு பெர்லினுக்குப் போயி, தெற்கு ஸ்பெயின்ல இருக்கற ஆண்டலூசியா பக்கத்து பாட்டுப் படம் ஒண்ண ஸ்பானிஷ்லயும் ஜெர்மன்லயும் ஒரே நேரத்துல எடுக்குது. ஹீரோயினா வர்ற பெனலோப்பி க்ரூஸ் மேல ஹிட்லரோட பிரச்சார மந்திரி கோயபல்ஸ் கண்ணு வெக்கிறான். வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஆனா நாஜிகள வெச்சு காமெடி பண்றது சரியா? ஃப்ராங்கோ காசுல படம் எடுக்கப் போன கலைஞர்கள நாம எப்படிப் பாக்கணும்? அப்புறம், முகாம்லேர்ந்து துணை நடிகர்களக் கூட்டிட்டு வர்ற பகுதி வந்ததும் படம் டல்லடிக்குது, அத வெட்டிருந்தா இன்னும் டைட்டா இருந்திருக்கும். 2016ல ரெண்டாம் பாகம் வந்துருக்காம், பாக்கலாமா?

அன்புடன்,
க., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

ரெண்டு வருஷமா எழுதிட்டு இருக்கற, உன் கடிதம்னா டீய வெச்சுட்டு உக்காந்து பொறுமையா படிப்பேன். அந்த உரிமைல சொல்றேன், இந்தத் தடவ கோவம் வந்துடுச்சு. நீ கேட்ட கேள்விங்களால இல்ல. போற போக்குல ‘வெட்டிருந்தா டைட்டா இருந்திருக்கும்’னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்க பாரு, அந்த வரிதான். அந்தக் கூட்டத்தப் பத்தித்தான் நானே ஒரு மாசமா யோசிச்சுட்டு இருந்தேன், சரியா அந்த எடத்துலயே நீ வந்து கத்திரி வெச்சுட்ட.

மத்தத முடிச்சுடறேன். நாஜிகள வெச்சு காமெடி பண்ணலாம். சாப்ளின் 1940லயே பண்ணிட்டார், அதுக்கு மேல இதுல பேச எனக்கு ஒண்ணும் இல்ல. ஃப்ராங்கோ காசுன்னு எழுதியிருக்க, அது அவ்வளவு நேரா சொல்லிடற விஷயமில்ல. போர் ஆரம்பிச்சப்ப ஸ்பெயின்ல இருந்த பெரிய ஸ்டுடியோ எல்லாம் மாட்ரிட்லயும் பார்சிலோனாலயும் இருந்துச்சு, ரெண்டு ஊரும் குடியரசுக்காரங்க கைல. ஃப்ராங்கோ பக்கம் கேமரா வெச்சு நிம்மதியா ஒரு பாட்டு எடுக்க எடமில்ல, அதனாலதான் பெர்லின்ல ‘ஹிஸ்பானோ-ஃபில்ம்-ப்ரொடுக்‌ஷன்’னு ஒரு கம்பெனி வந்துச்சு. இயக்குநர் ஃப்ளோரியான் ரேயும், அவர் மனைவி, அன்னிக்கு ஸ்பானிஷ் சினிமாவோட உச்ச நட்சத்திரமா இருந்த இம்பேரியோ அர்ஹென்டினாவும் அங்க போயி 1938ல கார்மென் கதைய எடுத்தாங்க. அந்தம்மாவே ஸ்பானிஷ் படத்துலயும் நடிச்சு ஜெர்மன் படத்துலயும் நடிச்சாங்க, ஜெர்மன் படத்துக்கு மட்டும் ஹெர்பர்ட் மைஷ்னு தனி இயக்குநர். நீ பாத்த படத்துக்கு அடிப்படை இந்த வரலாறுதான். அவங்க எல்லாரும் பாசிஸ்டா, பொழப்புக்குப் போனவங்களான்னு இங்க உக்காந்து தீர்ப்பு எழுத எனக்கு இஷ்டமில்ல.

எனக்குத் தொண்டைல நிக்கறது வேற. கார்மென் யாரு? ஜிப்சிப் பொண்ணு, ஸ்பெயின்ல ஹிதானான்னு சொல்ற ரோமாப் பொண்ணு. அந்த ஆண்டலூசியா பாட்டு, கைதட்டு, கால் தட்டற ஆட்டம் இதுல எல்லாம் அந்த ஜனங்களோட உசிரு இருக்கு. 1938ல பெர்லின்காரங்க தியேட்டர்ல டிக்கெட் வாங்கி ஜிப்சிக்காரியோட பாட்டக் கேட்டு சொக்கிப் போறாங்க, அதே பெர்லின்ல மார்ட்ஸான்ங்கற எடத்துல நெசமான ஜிப்சிங்கள முகாம்ல அடைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. 1936 ஜூலைல, ஒலிம்பிக்ஸ்க்கு வர்ற வெளிநாட்டுக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு, நூத்துக்கணக்கான பேர ஊருக்குள்ளேர்ந்து அள்ளிட்டுப் போயி சாக்கடைத் தண்ணி பாயற வயலுக்கும் இடுகாட்டுக்கும் பக்கத்துல கொண்டு போய் வெச்சாங்க. பாட்டு வேணும், பாடறவன் வேண்டாம்.

ட்ருயேபா படத்துல என்ன வருது? பொன்முடி ஜெர்மன்காரங்கள நிறுத்தினா ஆண்டலூசியா மாதிரி இல்லன்னு, முகாம்லேர்ந்து யூதர்களையும் ஜிப்சிங்களையும் கொண்டாந்து உடுப்பு மாட்டி நிறுத்தறாங்க. நீ அத ‘சோகம் கலக்கறதுக்காக சேத்த பகுதி’ன்னு நெனச்சுட்ட போல. இல்ல கண்ணு. அது நடந்துச்சு, 1938லன்னு இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சு, வேற ஒரு படத்துல.

லெனி ரீஃபென்ஸ்டால்னு நீ கேள்விப்பட்டிருப்ப, ஹிட்லரோட கட்சி மாநாட்டப் படமா எடுத்தவங்க. அந்தம்மா 1940ல ‘டீஃப்லாண்ட்’னு ஒரு படம் எடுக்க ஆரம்பிச்சாங்க, கதை நடக்கறது ஸ்பெயின்ல, பைரனீஸ் மலைல. போர்னால ஸ்பெயினுக்குப் போக முடியல, பவேரியாவுல க்ரூன்ங்கற ஊர்கிட்ட மொத்த ஸ்பானிஷ் கிராமத்தையும் செட்டாவே போட்டாங்க. செட்டு போட்டாச்சு, ஸ்பெயின்காரன் மூஞ்சிக்கு எங்க போறது? ஸால்ஸ்பர்க் பக்கத்துல மாக்ஸ்க்ளான் முகாம்ல அடைச்சிருந்த சிந்தி (ரோமா ஜனங்கள்லயே ஜெர்மன் பக்கத்துப் பிரிவு), ரோமா ஜனங்கள்ல சுமார் 50 பேரக் கொண்டாந்தாங்க, அதுல சின்னக் குழந்தைங்களும் உண்டு. 1942ல பெர்லின்ல ஸ்டுடியோ காட்சி எடுக்கறப்ப மார்ட்ஸான்லேர்ந்து 60க்கும் மேல. கறுத்த முடி, கறுத்த கண்ணு, சுருக்கமா ‘தெற்கத்தி முகம்’. எந்த முகத்துக்காக அவங்கள முள்வேலிக்குள்ள போட்டாங்களோ அதே முகத்துக்காக ஷூட்டிங்குக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அங்க ஸ்பானிஷ் நாட்டியக்காரி வேஷத்துல ஆடினது யாருன்னா ரீஃபென்ஸ்டாலேதான், ஆட்டத்துக்குச் சொந்தக்காரங்க சுத்தி நின்னு வேடிக்கை பாக்கற கூட்டம்.

ஷூட்டிங் முடிஞ்சதும் அவங்க வீட்டுக்குப் போகல. முகாமுக்குத் திரும்பினாங்க, அதுக்கப்புறம் நெறைய பேர ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினாங்க, திரும்பல. படம் 1954லதான் தியேட்டருக்கு வந்துச்சு, அந்த முகங்கள் அப்படியே திரைல இருந்துச்சு. ஆளு இல்ல, முகம் இருக்கு. 2002ல, நூறு வயச நெருங்கறப்ப, ரீஃபென்ஸ்டால் ஒரு பத்திரிகைகிட்ட அந்த ஜிப்சிங்க எல்லாரையும் போருக்கப்புறம் பாத்தேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலன்னு சொன்னாங்க. கொலோன்ல இருக்கற ரோமா அமைப்பு கோர்ட்டுக்குப் போச்சு, அப்புறந்தான் அந்தப் பேச்ச வாபஸ் வாங்கினாங்க. அறுபது வருஷம்! அந்தக் கூட்டத்துல நின்ன புள்ளைங்கள்ல உசிரோட தப்பிச்சதுங்க கெழவியாகி, நாங்கதான் அங்க நின்னோம்னு சொல்லிட்டே இருந்திருக்காங்க.

இப்ப சொல்லு, எத வெட்டலாம்?

வெட்டறது யார் வேலன்னு தெரியுமா? ஃப்ராங்கோ தானே புனைபெயர் வெச்சு ஒரு கதை எழுதினான், 1942ல படமா வந்துச்சு, கையத் தூக்கி பாசிஸ்ட் சல்யூட் அடிக்கிற காட்சியெல்லாம் வெச்சு. ஜெர்மனி தோத்துப் போச்சு, அமெரிக்காவோட தயவு வேணும், 1950ல அதே படத்தத் திருப்பி எடிட் பண்ணி, சல்யூட்டெல்லாம் எடுத்துட்டு, வேற பேர்ல விட்டானுங்க. படம் அவனுங்களுக்கு ‘டைட்’ ஆயிடுச்சு. நீ ஏன் கண்ணு அந்தப் பழக்கத்துக்குப் போற? நீ நல்ல ரசிகன், மொழிபெயர்ப்பாளரா வர்ற அந்த செக் நடிகர் மிரோஸ்லாவ் தாபோர்ஸ்கிய அவ்வளவு பாத்துப் பாத்து தனியா ஒரு மெயில்ல எழுதியிருந்தியே, அவருக்கு அந்த வேஷத்துக்கு ஸ்பெயினோட பெரிய சினிமா விருதான கோயாவே குடுத்தாங்க, அவரோட அருமைய நீயாவே கண்டுபிடிச்சவன். முன்னாடி நிக்கறவன் ஒவ்வொருத்தனையும் இப்படிப் பாக்கத் தெரிஞ்சவனுக்கு பின்னாடி நிக்கறவங்க வந்தா மட்டும் டல்லடிக்குது. உன் மேல மட்டும் கோவமில்ல, நம்ம கண்ணே அப்படிப் பழகிப் போச்சு.

எங்கம்மாவப் பத்தி நான் இங்க அதிகமா எழுதினதில்ல. நாங்க கோபி பக்கம். நான் ஆறாவது படிக்கறப்ப ஊருக்கு ஒரு ஷூட்டிங் வந்துச்சு, சந்தை சீனு, பொம்பளையாளு வேணும்னு ஏஜென்ட் ஒருத்தர் வந்து கேட்டார், ஆளுக்கு 15 ரூவாயும் ஒரு பொட்டலம் தக்காளி சோறும். அம்மா காலங்காத்தால எந்திரிச்சு தலைக்குக் குளிச்சு, தீவாளிக்கு எடுத்த அந்த ஊதாக் கலர் சேலையக் கட்டிட்டு, கனகாம்பரம் வெச்சுட்டுப் போனா. அரை மணி நேரத்துல திரும்பி வந்தா. நல்ல சேல கட்டினவங்கள எல்லாம் வேணாம்னுட்டாங்க, ஏழையாத் தெரியணுமாம், பழசு கட்டிட்டு வரணுமாம். அம்மா ஒண்ணுமே பேசல, மாட்டுக்குத் தவுடு வெக்கறப்ப கட்டற சேலைய எடுத்துக் கட்டினா, பூவ எடுத்து சாமி படத்துக்கு வெச்சுட்டுப் போனா. அஞ்சாறு மாசம் கழிச்சு டூரிங் டாக்கீஸ்ல அந்தப் படம் வந்துச்சு, குடும்பமே போனோம், கண்ணு சிமிட்டாம பாத்துட்டு இருந்தோம். ஹீரோ கூட்டத்த விலக்கிட்டு ஓடறார், ஒரு கூடை, கூடையப் புடிச்ச ஒரு கை. ‘அது என்ற கை’ன்னு அம்மா இருட்டுல என் தோளத் தொட்டுச் சொன்னா. கையில கண்ணாடி வளையல், ஒண்ணு ஒடஞ்சு ரெண்டுதான் இருந்துச்சு. அவ்வளவுதான் வந்துச்சு.

ரெண்டையும் ஒரே தட்டுல வெக்கல நான், யாராச்சும் அப்படிப் படிச்சா ரொம்ப வருத்தப்படுவேன். எங்கம்மா சாயங்காலம் சோத்துப் பொட்டலத்தப் பிரிக்காம வீட்டுக்குக் கொண்டாந்து எங்களுக்குக் குடுத்தா. அவங்களுக்கு சாயங்காலம்னா முள்வேலி. ஆனா அன்னிலேர்ந்து எந்தப் படம் பாத்தாலும் என் கண்ணு தானா கடைசி வரிசைக்குப் போயிடுது, அத என்னால மாத்திக்க முடியல, மாத்திக்கவும் மாட்டேன்.

அதனாலயே ட்ருயேபா மேலயும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. படத்தோட பேரப் பாரு. நீன்யான்னா பொண்ணு, கண்ணோட நீன்யான்னா கருமணி. நமக்கு இது புதுசே இல்ல, பாவைன்னா பொண்ணு, பாவைன்னா கண்ணுமணிக்குள்ள தெரியற குட்டி உருவம். வள்ளுவர் காமத்துப்பால்ல அந்தப் பாவையப் பாத்து, நீ எந்திரிச்சுப் போ, என் காதலிக்கு எடம் பத்தலங்கறார். படிக்கறப்ப அவ்வளவு அழகா இருக்கும். இந்தப் படத்தோட கண்ணும் அப்படித்தான் ஆயிடுச்சு. பெனலோப்பி க்ரூஸ் நடிச்ச மகரேனா அந்தக் கூட்டத்துலேர்ந்து லியோங்கற ஒருத்தனப் பாக்கறா, அவனுக்கு மட்டும் பேரு வருது, காதல் வருது, விமானம் வருது, ரெண்டு பேரும் தப்பிச்சுப் போறாங்க, நாமளும் ஒரு பெருமூச்சு விடறோம். மத்தவங்க? அவங்க மறுபடி அதே வண்டில ஏறினாங்களா? அந்தப் பெருமூச்சுல அவங்களும் சேந்து காணாமப் போயிடறாங்க. ஸ்பெயின்ல 7 கோயா வாங்கின படம், நானும் நேசிக்கற படம், ஆனா அந்த ஒரு நிமிஷம் அவங்க பக்கம் கேமராவத் திருப்பியிருக்கலாம். நீ அந்தப் பகுதி நீளம்ங்கற, எனக்கு அது பத்தவே பத்தல.

ரெண்டாம் பாகம் கேட்டிருந்தல்ல, ‘லா ரெய்னா தே எஸ்பான்யா’. பாரு. மொதல் படம் அளவுக்கு இல்ல. கதை 1950கள்ல நடக்குது, மொதல் படத்துல பெர்லின்லயே சிக்கிக்கிட்ட அந்த டைரக்டர் ப்ளாஸ் நாஜி முகாமெல்லாம் தாண்டி ஊருக்கு வர்றாரு, வந்தவர ஃப்ராங்கோ ஆளுங்க புடிச்சு ‘வாயே தே லோஸ் கைதோஸ்’ கட்ட அனுப்பிடறாங்க. அந்தப் பிரம்மாண்ட சிலுவையும் மலையக் கொடஞ்ச சர்ச்சும் நெசமாவே அரசியல் கைதிங்களயும் வேலை வாங்கிக் கட்டினதுதான், 1940ல ஆரம்பிச்சு 1959ல தொறந்தாங்க. அங்க கல்லு ஒடைக்கறவங்க வர்ற எடத்துல ஃபோன எடுக்காத.

அதுக்கு முன்னாடி மொதல் படத்த இன்னொரு தடவ போடு. பெனலோப்பி க்ரூஸ் பாடறப்ப அவங்கள விட்டுட்டு பின்னாடி பாரு. எத்தன முகம் ஞாபகம் இருக்குன்னு எழுது, கதை எழுத வேணாம். கோவமா எழுதிட்டேன்னு நெனச்சு எழுதாம இருந்துடாத.

அன்புடன்,
அக்கா