ராத்திரி முழுக்க அழும் ராஜபாளையம் குட்டி

கேள்வி: ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கி வந்து 5 நாள் ஆகிறது. 40 நாள் குட்டி என்று சொல்லிக் கொடுத்தார்கள். பகலில் நன்றாகத் தூங்குகிறது. பக்கத்திலேயே குக்கர் விசில் அடித்தாலும் அசையாது. ராத்திரி பத்தரைக்கு விளக்கை அணைத்ததும் அழ ஆரம்பித்தால் விடிகிற வரை ஓய்வதில்லை. மாடிப்படிக்குக் கீழே சாக்கு விரித்துச் சங்கிலியில் கட்டியிருக்கிறோம். படுக்கும் முன் ஒரு கிண்ணம் பால் வைக்கிறேன். போய்த் தூக்கினால் அதுவே பழகிவிடும், நாலு நாள் அழுது அடங்கட்டும் என்கிறார் மாமியார். கீழ்வீட்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது, டாக்டர்? (வாசகி, திருப்பூர்)

பதில்: இன்று ராத்திரியே அந்தச் சங்கிலியை அவிழ்த்துவிடுங்கள் அம்மா. குட்டியை மேலே கொண்டுவந்து உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

5 நாளுக்கு முன்பு வரை அது ஒரு ராத்திரிகூடத் தனியாகத் தூங்கியதில்லை. கூடப்பிறந்த குட்டிகளோடு ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, தாயின் வயிற்றுச் சூட்டில் தூங்கிய உயிர் அது. அந்த வயதில் உடம்புச் சூட்டைத் தானாகவே காத்துக்கொள்வதும் அதற்குக் கஷ்டம். கூட்டத்தை விட்டு விலகிய குட்டி கத்தினால் தாய் தேடி வந்து தூக்கிப்போவாள். அந்த நம்பிக்கையில்தான் உங்கள் குட்டியும் கத்துகிறது. விளக்கை அணைத்ததும் ஆரம்பிப்பதற்குக் காரணம், அந்த நேரத்தில்தான் வீட்டில் உள்ள எல்லோரும் அதை விட்டுப் போகிறீர்கள்.

மாமியார் சொல்வது ஒரேயடியாகத் தவறில்லை. நாலைந்து மாதக் குட்டி, வயிறு நிறைந்து, ஒன்றுக்குப் போய் முடித்து, விளையாட ஆள் வேண்டும் என்று குரைத்தால் ஓடி ஓடிப் போகக் கூடாது. 45 நாள் குட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நாலு நாளில் இதுவும் அடங்கத்தான் செய்யும். ஆனால் பயம் தெளிந்து அடங்குவது வேறு, கத்திக் கத்தி ஓய்ந்துபோய் அடங்குவது வேறு. அப்படி ஓய்ந்துபோன குட்டிகளில் சில, வளர்ந்த பிறகு வீட்டில் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்க முடியாமல் கதவைப் பிறாண்டுவதை என் மேஜைக்கு வரும் நாய்களிடம் பார்க்கிறேன்.

40 நாளில் பிரித்ததே அவசரம். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. கடைசி இரண்டு வாரத்தில் கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடித்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும். உங்கள் குட்டிக்கு அது பாதியில் நின்றுவிட்டது. இனி அதன் கூட்டம் நீங்கள்தான்.

படுக்கைக்கு ஒரு நல்ல அட்டைப்பெட்டி போதும். குட்டி நீட்டிப் படுத்துத் திரும்பும் அளவு இருக்கட்டும். உள்ளே பழைய பருத்திப் புடவையை மடித்துப் போடுங்கள், நீங்கள் கட்டித் துவைக்காத புடவையாக இருந்தால் இன்னும் நல்லது. சாக்கு வேண்டாம், நாரைக் கடித்து விழுங்கிவிடும். குளிர் நாளாக இருந்தால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள். சூடு அதிகமானால் விலகிப் படுக்க இடம் இருக்க வேண்டும். பெட்டியைக் கட்டிலில் வைக்காதீர்கள், விழுந்துவிடும். முதல் வாரம் மட்டும் நீங்கள் பாயைப் போட்டுத் தரையில் படுக்க முடிந்தால் மிகவும் நல்லது.

என் வீட்டில் இப்போது இருக்கும் நாட்டுநாய், மழையில் சாக்கடை ஓரம் கிடந்த குட்டி. முதல் ராத்திரி பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு பாயில் படுத்திருந்தேன். என் சுண்டுவிரலைப் பால்காம்பு போலச் சப்பிக்கொண்டே இருந்தது, விரலை எடுத்தால் அழுதது. மூன்றாம் ராத்திரி விரல் தேவைப்படவில்லை, உள்ளங்கையில் மோவாயை வைத்துத் தூங்கியது. ஆறாம் ராத்திரி நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கி நான் இருக்கிறேனா என்று பார்த்தது, பிறகு தானாகவே சுருண்டு படுத்துக்கொண்டது. உங்கள் குட்டியும் ஏறக்குறைய இப்படித்தான் தேறும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பெட்டியை ஒரு முழம் தள்ளி வையுங்கள். கடைசியில் எங்கே படுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அங்கே போய்ச் சேரட்டும். நடுவில் அழுதால் பழைய இடத்துக்கு ஒருமுறை திரும்பி வருவதில் தப்பில்லை.

அடுத்தது பால். படுக்கும் முன் வைக்கும் அந்தக் கிண்ணத்தை நிறுத்துங்கள். பசும்பாலும் பாக்கெட் பாலும் நிறைய குட்டிகளுக்குச் செரிக்காது. வயிறு பொருமும், வயிற்றுப்போக்கு வரும், நடு ராத்திரியில் ஒன்றுக்கு முட்டும். அழுகையில் பாதிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். குட்டிகளுக்கான உணவை வெந்நீரில் ஊறவைத்தோ, குழைந்த சாதத்தில் வேகவைத்த கோழி அல்லது முட்டையைப் பிசைந்தோ ஒரு நாளைக்கு 4 வேளை கொடுங்கள். கடைசி வேளை 7 மணிக்கு முடியட்டும். தண்ணீரை மட்டும் பகல் முழுக்க வைத்திருங்கள், 9 மணிக்கு மேல் எடுத்துவிடலாம்.

45 நாள் குட்டியால் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அதனால் 10 மணிக்கு ஒருமுறை, பிறகு 12:30, 3, 5:30 என்று அலாரம் வையுங்கள். அழுவதற்கு முன்பே நீங்கள் எழுப்பிக் கூட்டிப்போவதுதான் இதில் முக்கியம். அழுத பிறகு போனால்தானே மாமியார் பயப்படுகிற பழக்கம் வரும்? பெரிய விளக்கைப் போடாதீர்கள், கொஞ்சாதீர்கள், பேசாதீர்கள். தூக்கிப்போய் இறக்கிவிடுங்கள், முடித்ததும் கழுத்தை ஒரு தடவை தடவிக் கொடுத்து மறுபடி பெட்டியில் விடுங்கள். வாரத்துக்கு வாரம் இடைவெளி தானாக நீளும். நாலு மாதத்தை நெருங்கும்போது பல குட்டிகள் 10 மணியிலிருந்து 5 மணி வரை தாங்கும்.

தெருவுக்குக் கொண்டுபோக வேண்டாம். குட்டிகளுக்கு ரத்தப் பேதியை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். தடுப்பூசித் தவணைகள் முடிகிற வரை மொட்டை மாடியில் ஒரு மூலையில் பழைய தட்டு வைத்துச் செய்தித்தாள் விரியுங்கள். நனைந்த தாளில் ஒரு துண்டைப் புதுத் தாளுக்கு அடியில் வைத்தால், வாசனை பிடித்து அதே இடத்துக்கு வரும். வீட்டுக்குள் போய்விட்டால் பினாயில் ஊற்றாதீர்கள். அந்த வாசனை நம் மூக்குக்குத்தான் மறைக்கும். அதில் மிதித்த காலைக் குட்டி நக்கினால் ஆபத்து வேறு. வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி: குக்கர் விசில் அடித்தாலும் அசையாது என்று எழுதியிருக்கிறீர்கள். குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும், ஆழ்ந்தும் தூங்கும். எனவே இது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஆனால் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. உள்காதில் நிறம் தரும் அணுக்கள் இல்லாததால், பிறந்த சில வாரத்திலேயே அங்குள்ள கேட்கும் அணுக்கள் அழிந்துபோவதால் வருவது அது. குட்டி விழித்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதன் முதுகுக்குப் பின்னால் இருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரை அதிரக் கூடாது, உங்கள் நிழலும் அதன்மேல் விழக் கூடாது. காது நிமிர்கிறதா, தலை திரும்புகிறதா என்று பாருங்கள். வெவ்வேறு நேரத்தில் நாலைந்து தடவை செய்து பார்த்தும் அசைவே இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்காத குட்டிக்கு இருட்டில் உங்கள் இருப்பை உணர்வது கஷ்டம். நீங்கள் பக்கத்தில் படுப்பதும், ஒரு சின்ன விடிவிளக்கு எரிவதும் அதற்கு ரொம்பப் பெரிய ஆறுதல். கைச்சைகையிலேயே அருமையாகப் பழகும், கைவிட்டுவிடாதீர்கள்.

பகலில் குட்டி தூங்கும்போது பிள்ளைகள் எழுப்பி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். களைப்பு ஏறிய குட்டி மாலையில் வெறி வந்தது போலக் கடிக்கும், படுத்ததும் அடங்காது. அசர வைத்தால் தூங்கும் என்று 9 மணிக்கு ஓடவிடுகிறார்கள் பலர், அது நேர்மாறாகத்தான் முடியும்.

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்களா என்று விற்றவரிடம் கேளுங்கள். 3 மாதம் வரை 15 நாளுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். வயிறு பானை போல உப்பியிருந்தாலோ, ராத்திரியில் ஓயாமல் சொறிந்தாலோ அழுகைக்குக் குடல்புழுவும் உண்ணியும் காரணமாக இருக்கலாம். வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சாப்பிட மறுப்பது, துவண்டு படுப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் தடுப்பூசி இன்னும் போடவில்லையென்றால் இந்த வாரமே போடுங்கள்.

கீழ்வீட்டுக்காரர்களிடம் நாளைக் காலையே போய், தாயைப் பிரிந்த குட்டி, ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் குட்டியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள்.