கல்ச்சர்ல ஒண்ணுமில்ல, ஆனா எரிச்சல் நிக்கல

கேள்வி: எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கு டாக்டர். பீரியட்ஸ் நெருங்கினாலே அடிக்கடி யூரின் முட்டுது, போய் முடிச்சதும் அடிவயிறு சுருக்குனு இழுக்குது, யூரின்ல கிருமி இருக்கானு பார்க்கற கல்ச்சர் டெஸ்ட்ல கிருமியே இல்லங்கறாங்க. எல்லாம் பிரமையா?

பதில்: பிரமையே இல்லம்மா. எண்டோமெட்ரியோசிஸ்னா கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்றது, சிலருக்கு அது யூரின் பையிலயும் வளரும், பீரியட்ஸ் சமயத்துல அது வீங்கி எரிச்சல் கொடுக்கும், கிருமி இல்லாததால கல்ச்சர் சுத்தமாத்தான் வரும், அதுக்குப் போய் திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் முழுங்கறதுல எனக்கு உடன்பாடே இல்ல. என்னிக்கு வலி, எத்தனை தடவை போனீங்கன்னு பீரியட்ஸ் தேதியோட எழுதிவச்சு கைனகாலஜிஸ்ட், யூராலஜிஸ்ட் ரெண்டு பேர்கிட்டயும் காட்டுங்க, எம்.ஆர்.ஐ, சிஸ்டோஸ்கோபி (யூரின் பைக்குள்ள கேமரா குழாய் விட்டுப் பார்க்கறது) தேவையானு பார்ப்பாங்க. இடுப்புத் தசை இறுக்கமும் கூடவே இருக்கலாம். கிட்னி ஸ்கேனை மட்டும் தள்ளிப்போடாதீங்க, கிட்னியிலருந்து யூரின் பைக்கு வர்ற குழாய் இந்தத் திசுவால அடைபட்டா சிலருக்கு வலியே தெரியாம கிட்னி கெட்டுப்போகும்.