கைவிட்டுப் போன டாட் காம் பெயரைத் திரும்பப் பிடிப்பது எப்படி?

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை வைத்திருக்கிறோம். கடைப் பெயரிலுள்ள டாட் காம் முகவரியை வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் கணக்கில் பதிந்திருந்தார், புதுப்பிக்க மறந்துவிட்டார். இரண்டு வாரமாக அங்கே வெறும் விளம்பரம் வருகிறது. ராத்திரி 12 மணிக்குக் காத்திருந்து நாங்களே பதியலாமா?

பதில்: 12 மணிக்கு ஒன்றும் நடக்காது. காலாவதியான பெயர் உடனே சந்தைக்கு வருவதில்லை. ரிஜிஸ்ட்ரார் (பெயரைப் பதிந்து கொடுத்த நிறுவனம்) அதை 45 நாள் வரை தன்னிடமே வைத்திருக்கலாம். இப்போது நீங்கள் இருப்பது இந்தக் கட்டத்தில். வெப்சைட்காரரை இன்றே பிடித்துப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். இதைவிட மலிவான வழி இல்லை. தாமதித்தால் ரிஜிஸ்ட்ராரே ஏலம் விட்டுவிடலாம். அப்படி விற்றால் பெயர் அழிவதே இல்லை, ‘விடுபட்டதும் எனக்குப் பிடித்துக் கொடுங்கள்’ என்று வேறெங்கோ நீங்கள் போட்ட முன்பதிவும் வீண்.

ஏலம் போகாமல் அழிக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலம். முன்பு தன் கணக்கில் பதிந்திருந்தவர் மட்டும் மீட்கலாம், கூடுதல் கட்டணத்தோடு. பிறகு 5 நாள் யாராலும் தொட முடியாது. பெயரின் நிலையைக் காட்டும் ஐகான் லுக்அப் இணையப் பக்கத்தில் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும்: ‘பெண்டிங் டிலீட்’ என்றிருந்தாலும் பக்கத்தில் ‘ரிடெம்ப்ஷன் பீரியட்’ இருந்தால் மீட்புக் காலம் முடியவில்லை. ‘பெண்டிங் டிலீட்’ மட்டும் தனியாக நிற்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் ஐந்தை எண்ண வேண்டும்.

டாட் காம் பெயர்கள் விழுவது, அதாவது யாரும் பதியலாம் என்று விடுபடுவது, நம் நேரப்படி விடியற்காலை 2, 3 மணிவாக்கில். கையால் கிளிக் செய்து ஜெயிப்பது கடினம். டிராப்கேட்ச், ஸ்னாப்நேம்ஸ் மாதிரி நிறுவனங்கள் பல ரிஜிஸ்ட்ரார் உரிமங்கள் வழியாக டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைனின் சர்வருக்கு நொடிக்குள் கோரிக்கைகளைக் கொட்டுகின்றன. நீங்கள் கார்டு நம்பர் அடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். ஆகவே இரண்டு மூன்று இடங்களில் முன்பதிவு போடுங்கள். பெரும்பாலும் பிடித்தால்தான் பணம் எடுப்பார்கள். ஒரே இடத்தில் வேறொருவரும் கேட்டிருந்தால் ஏலம்தான். எத்தனை வெள்ளி வரை போவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நீளமான தமிழ்க் கடைப் பெயரென்றால் பல சமயம் எவரும் சீண்டுவதில்லை. காலையில் சாதாரண விலைக்கே கிடைத்துவிடும்.

(மலேசியாவின் டாட் மை பெயர்கள் மைனிக் என்ற அமைப்பின் நிர்வாகத்தில் உள்ளவை, இந்த நாள் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.)

இதற்கிடையில் அந்தப் பெயரில் இமெயில் வைத்திருந்தீர்களா? பேங்க், ஃபேஸ்புக் கணக்குகளில் அந்த முகவரியை இன்றைக்கே மாற்றுங்கள். பெயரைப் பிடிப்பவர் கைக்கு உங்கள் பாஸ்வர்ட் ரீசெட் கடிதங்களும் போய்ச் சேரும்.